முதலில் எழுகிறவன்

அக்கா கீபோர்டில் பாட்டை மாற்றினாள். இன்னும் மூன்று நிமிடத்தில் அவன் எழுந்து அழவேண்டும்.

மூன்றாவது வரிசை, நடைவழியை ஒட்டிய நாற்காலி. எந்த ஊர் மண்டபத்தில் ஜெபக்கூட்டம் என்றாலும் அவன் இடம் அதுதான். முதல் வரிசை என்றால் ஜனங்களுக்கு முகம் தெரியாது. பின்னால் போனால் அவ்வளவு தூரம் நடப்பதற்குள் அழுகை தீர்ந்துவிடும்.

மேடையில் அத்தான் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அக்காவின் புருஷன் என்பதற்காக உள்ளதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? இந்த அழுகையை அவர் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியதை அவன் பார்த்திருக்கிறான்.

ஆண்டவர் கூப்பிடுகிறார், முன்னால் வாருங்கள் என்று அழைத்தால் ஒருவரும் உடனே வரமாட்டார்கள். அடுத்தவன் எழுகிறானா என்றுதான் பார்ப்பார்கள். பரலோகத்துக்கே ஆனாலும் முதல் ஆளாகப் போகக் கூச்சம். ஒருவன் எழுந்துவிட்டால் போதும், அப்புறம் தள்ளுமுள்ளுதான்.

அந்த ஒருவன் அவன்.

இரண்டாவதாக எழுவது எப்போதும் ஓர் அம்மாள். இன்றைக்கு அது பக்கத்து நாற்காலிதான் என்று வந்து உட்கார்ந்ததுமே கணக்குப் போட்டுவிட்டான். ஜிப் வைத்த வேதாகமத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, இப்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார் அந்த அம்மாள்.

அத்தானின் வண்டியில் ஏறாமல் அவன் தனியாகப் பஸ்ஸில் வருவான். அக்காவை முன்பின் தெரியாதவன் போல உட்காருவான். பாட்டின் மூன்றாம் சுற்றில் எழுவான். ஐந்தாவது அடியில் அழுகை. மேடைக்கு வலப்பக்கம் முழங்கால் போடவேண்டும், கேமரா அங்கேதான் இருக்கிறது.

வேலை போய் நாலு வருஷமாக அக்கா வீட்டில் உட்கார்ந்து தின்கிற மச்சானுக்கு அத்தான் கொடுத்த உத்தியோகம் இது. இதுவரை நாற்பது முறை இரட்சிக்கப்பட்டிருக்கிறான். கடவுளுக்கே அலுத்துப்போயிருக்கும்.

இன்று பிசகக் கூடாது. முதல் வரிசையில் ஒரு பெரிய சபையின் மூப்பர்கள் ஐந்து பேர், பெண் பார்க்க வந்தவர்கள் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் பிடித்துப்போனால் அத்தான்தான் அவர்களுக்கு நிரந்தரப் போதகர். சபையை ஒட்டியே வீடு. பதினோரு வாடகை வீடு மாறிய அக்கா, அந்த வீட்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலையே அளவெடுத்துவிட்டாள்.

அத்தான் வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தார். கரையில் இருந்த மீனவர்கள், இயேசு கூப்பிட்டதும் வலையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போன கதை. பழகப் பழகப் பாலும் புளிக்கும். இந்தக் கதைக்கு அவனுக்குக் கொட்டாவிதான் வரும். படகை யார் கரையேற்றினார்கள், வீட்டுக்கு யார் பதில் சொன்னார்கள் என்று மனதுக்குள் நக்கலடிப்பான்.

உன் வலை எது என்று கேட்டார் அத்தான்.

நாற்பது முறையும் அதற்கு ஒரு குத்தல் பதில் வைத்திருந்தான். இன்று பதில் மனதில் எழுமுன்பே அந்தக் கேள்வி இன்னொரு தடவை வந்தது. அத்தானின் குரலில் இல்லை. ஒலிபெருக்கியிலும் இல்லை. அவனை நன்றாகத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து மெதுவாகக் கேட்பது போல இருந்தது.

அவனுக்குக் கோபம்தான் வந்தது. நாலு வருஷமாக அத்தான் ஊர் ஊராகக் கூவியபோது எட்டிப் பார்க்காத ஆண்டவருக்கு, இன்றைக்குத்தான் நேரம் கிடைத்ததாக்கும்!

மூன்றாம் சுற்று தொடங்கியது. கால்கள் பழக்கத்தில் தாமாக எழப் பார்த்தன. முழங்கால்கள் இரண்டையும் கையால் அழுத்திக்கொண்டான்.

எழுந்தால் இது நாற்பத்தோராவது முறை. அவ்வளவுதான். அதே நடை, அதே ஐந்தாவது அடி, கூட்டம் முடிந்ததும் அத்தான் முதுகில் தட்டிக்கொடுப்பார். விடவேண்டிய வலை இந்த எழுந்திருத்தல்தான் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

நான்காம் சுற்று. ஒருவரும் எழவில்லை. மூப்பர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தில் என் பக்கமே திரும்பாதே என்று சொல்லிவைத்த அக்கா, அவனை நேராகப் பார்த்தாள். திரைச்சீலை, ஜன்னல், பதினோரு வீடு எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. நாலு வருஷம் முகம் சுளிக்காமல் சோறு போட்டவள். அவனால் அதைத் தாங்க முடியவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"மூணாவது வரிசையில ஒரு தம்பி. நீலச் சட்டை. கர்த்தர் உன்னைத்தான் கூப்பிடுறார், எழுந்து வா!"

அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அவனுக்கு மட்டும்தான் தெரிந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. இப்படியும் ஒரு கல்நெஞ்சனா என்று யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

அவன் அழுதுகொண்டிருந்தான். பழகி வைத்த அழுகை இல்லை. மூக்கு ஒழுகியது, பார்க்கச் சகிக்கவில்லை. முகமும் கேமரா இல்லாத பக்கம் இருந்தது.

ஐந்தாம் சுற்றின் நடுவில் கீபோர்டு நின்றுபோனது.

பக்கத்து நாற்காலி அம்மாள் அவன் தோளில் கை வைத்தார். அவருக்கு மெய்யாகவே துக்கம்.

"இவ்வளவு கூப்பிட்டும் வரமாட்டேங்கிறியேப்பா?"

"வந்துட்டேம்மா," என்றான் அவன், உட்கார்ந்தபடியே.