எட்டு நிமிட இருட்டு

"மறுபடியும் சொல்றேன் சார், பெட்டியில கோளாறு இல்ல."

"அப்போ யார்கிட்ட கோளாறு? என்கிட்டயா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார் சூப்பர்வைசர்.

டைல்ஸை நிறம் பார்த்துப் பிரிக்கும் மேசைகளில் நின்ற பெண்கள் முகக்கவசத்துக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

ஏணியின் மேல்படியில் நின்றவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கூரையில் தொங்கிய நாற்பது விளக்குகளுக்கும் மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பேலஸ்ட் பெட்டிகளை அவளும் அவள் தம்பியும் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்திருந்தார்கள். அவர்களுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அது. பொருத்தி ஒரு மாதம் ஆகிறது. தினமும் மூன்று பத்துக்கு நாற்பது விளக்கும் ஒன்றாக அணைகின்றன. இன்றும் அணைந்தால் அத்தனை பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்.

"விளக்கு பழசானாலும் சரி, கரண்டு ஏறி இறங்கினாலும் சரி, நானூறு வாட் கூடாம குறையாம போகும். அதுக்குத்தான் இந்த சர்க்யூட்டே."

"போகுதும்மா. மூணு பத்து வரைக்கும் நல்லாத்தான் போகுது."

"இந்தப் பெட்டிக்கு முன்னாடி பழைய சோக் இருந்தப்போ எப்படி?"

"அப்பவும் இதே கூத்துதான், கடைசி ரெண்டு மாசமா. அதனாலதானே முதலாளி உங்களைத் தேடி வந்தாரு. ஆனா அப்போ திரும்ப எரிய கால் மணி நேரம் ஆகும். உங்க பெட்டி எட்டே நிமிஷத்துல பத்த வெச்சிடுது."

அதை ஏதோ குற்றம் போலத்தான் சொன்னார். அவளுக்கு லேசாகப் பெருமை வந்தது.

"சூடான விளக்கு ஆறாம பத்தாது சார். ஆறின அந்த நிமிஷமே பத்துற மாதிரி வெச்சிருக்கோம். வேணும்னா அந்த நேரத்தை லேப்டாப்புலயே கூட்டிக் குறைச்சுக்கலாம்."

"கெட்டிக்காரங்கதான்," என்றார் சுரத்தில்லாமல்.

அவள் கீழே இறங்கினாள். "வாரத்துக்கு ஒரு தடவை பதினஞ்சு நிமிஷம் அணைச்சு வெக்கிறீங்களா? இல்லன்னா என்னிக்காவது விளக்கு வெடிச்சிடும். விளக்கு வந்த அட்டைப்பெட்டியிலயே போட்டிருக்கே."

"நல்லா கேட்டீங்க! மூணு ஷிஃப்டும் ஓடுது. இதுங்க தண்ணி குடிக்கப் போனாலே முதலாளி மாடியில கேமராவுல பாத்துட்டு எனக்கு போன் போடுவாரு." ஆனாலும் மூலையில் கிடந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "ஒரு போன் பேசணும், வந்துடறேன்," என்று தன் அறைக்குள் போனார்.

அவள் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தாள். மூன்றாம் மேசைப் பெண் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று பத்து. நாற்பதும் அணைந்தன.

வெயில் பட்டால் டைல்ஸின் நிறம் மாறித் தெரியும் என்று ஜன்னலே வைக்காத கூடம் அது. மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. "அப்பாடா" என்று யாரோ தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. யாரோ ஏணியை உரசிக்கொண்டு வாசல் பக்கம் ஓடினார்கள்.

டார்ச்சோடு வந்தார் சூப்பர்வைசர். "பாத்தீங்களா? பாத்தீங்களா!" மாடி வரைக்கும் கேட்கும் குரல். அதற்குள் அவர் போன் அடித்தது. "ஆமாங்க, பெட்டிதாங்க. வேற என்னங்க?"

எட்டு நிமிடத்தில் விளக்குகள் முதலில் ஊதாவாக, பிறகு விடியற்கால நீலமாக, பிறகு வெள்ளையாக எரிந்தன. மூன்றாம் மேசைப் பெண் மூச்சு வாங்க வந்து நின்றாள். மேலங்கியின் பித்தான்கள் ஒன்று மாற்றி ஒன்றில் மாட்டியிருந்தன. இருட்டில் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது.

லேப்டாப்பைப் பார்த்தவளுக்கு உயிர் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேராகச் சூப்பர்வைசரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சார், பெட்டி அணைக்கல. மூணு பத்துக்கு விளக்கு லைனுக்கு கரண்டே வரல. ரெண்டே செகண்டு, அப்புறம் வந்திருக்கு. ஒரு மாசமா தினமும் இப்படித்தான். சூட்டுல இருக்கிற விளக்கு அணைஞ்சு போக ரெண்டு செகண்டு போதும். யாரோ வேணும்னே மெயினைத் தட்டிட்டுத் திரும்பப் போடறாங்க. முதலாளிகிட்ட இதைக் காட்டினா என் பெட்டி தப்பிச்சிடும். மெயின் ஸ்விட்ச் எங்க சார் இருக்கு?"

அவள் நிமிர்ந்தாள். அவருடைய நாற்காலிக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் ஸ்விட்ச் போர்டு. வரிசையாக ஆறு கைப்பிடிகள். ஐந்தில் தூசி.

மாடிப்படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது.

"மூணாவது மேசைப் பொண்ணுக்கு அஞ்சு மாசக் கைக்குழந்தைம்மா," என்றார் அவர். இப்போது குரலில் சத்தமே இல்லை. "கேட்டுக்குப் பக்கத்துல வாட்ச்மேன் ரூம்ல கிடக்கு. ஓடிப் போக மூணு நிமிஷம், வர மூணு நிமிஷம். உங்க எட்டு நிமிஷத்துல அது எங்க பசியாறும்?"

அட்டைப்பெட்டியை அவள் முன்னால் நகர்த்தி, அச்சடித்திருந்த வரிக்குக் கீழே கட்டைவிரலை வைத்தார்.

"இதுல 'வாரத்துக்கு ஒரு தடவை பதினஞ்சு நிமிஷம்'னு போட்டிருக்கு. 'தினமும்'னு முதலாளிகிட்ட சொல்லுவீங்களாம்மா? பெட்டியே அணைச்சு ஆறவிடுதுன்னு?"