மறையாத கை

தோட்டத்து நடுவே, காட்சிக்காகக் கட்டிய ஒற்றையறை வீடு. வீட்டுச் சூடு வீணாகாமல் காப்பது எப்படி என்று வருகிறவர்களுக்குக் காட்டுவது என் வேலை. அதற்கு வெப்பம் காட்டும் கேமரா உண்டு. சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்தால், அந்தக் கையின் சூட்டுத் தடம் திரையில் சிவப்பாகத் தெரிந்து ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும்.

திங்கட்கிழமை எல்லோரும் போன பிறகும் உள்சுவரில் ஒரு கை மறையவில்லை. யாருக்கு இவ்வளவு சூடு என்று முணுமுணுத்தபடி ஈரத்துணியால் துடைத்தேன். செவ்வாயன்று அது ஜன்னலருகே இருந்தது. புதனன்று என் நாற்காலிக்குப் பின்னால்.

இன்று எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் கேமராவால் நாலு சுவரையும் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லையே அக்கா.”

அப்பாடா என்றிருந்தது. கனத்த குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு, “வாங்க தம்பி, பூட்டிடலாம்” என்று முன்னால் நடந்தேன்.

அவர் வரவில்லை.

“அக்கா, திரும்பாதீங்க. உங்க முதுகுல யாராவது கை வச்சாங்களா?”

“இல்லையே. ஏன்?”

“கோட்டு போடும்போது கேமரா திரையில ஒரு கைதான் தெரிஞ்சது,” என்றார் மெதுவாக. “இப்ப ரெண்டு.”