பலத்த காற்று

கோல்ஃப் வீடியோ கேம் தொடங்குமுன் மைதானம் எப்படி இருக்க வேண்டும் என்று டிவி திரை கேட்டது. அக்கா யோசிக்காமல் காற்றைப் ‘பலம்’ என்று வைத்தாள்.

“அத்தான்மேல என்னக்கா கோபம்? காத்தைக் குறையேன்!” என்றான் தம்பி.

“நீ சும்மா இருடா. அவர் சமாளிப்பார்.”

அத்தான் அடித்த பந்து குளத்தில் விழுந்தது. “பாழாப்போன காத்து!” என்று சிரித்தார்.

அக்கா சமையலறைக்குப் போனதும் தம்பி காற்றைக் குறைக்கப் பார்த்தான். அத்தான் அவன் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் நடுங்கின.

“வேண்டாம் மாப்ளே. நோய் வந்ததிலிருந்து இந்தக் கையாலதான் பந்து தவறுது. பழி காத்துமேல போகட்டும்னுதான் உங்கக்கா இப்படி வைக்கிறா.”

“தெரிஞ்சுமா காத்தைத் திட்டுறீங்க?”

“நான் நம்பிட்டேன்னு அவ நிம்மதியா இருக்கட்டுமே.”

 தம்பி காற்றை இன்னும் ஒரு படி கூட்டினான்.