பாதியில் நின்ற ஜெபம்

சமையலறை ஜன்னலில் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. என் மருமகள் பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்று, சோப்பு நுரைக் கைகளைக் கூப்பி ஜெபிக்கிறாள். பேத்தி இன்றுதான் முதன்முறையாகத் தனியே கார் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். "ஆண்டவரே, திருப்பத்துல அவளக் கண்ணாடியப் பாக்க வைங்க. லாரி பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போகப்போறா, பிரேக்குல கால வைக்கச் சொல்லுங்க..." "கர்த்தருக்கே டிரைவிங் சொல்லிக் குடுக்கிறியாம்மா?" என்கிறேன். "நீங்க சும்மா இருங்க மாமா!" என்கிறாள், கண்ணைத் திறக்காமலே. நுரை முழங்கை வழியே சொட்டுகிறது. வாசலில் ஹாரன் நீளமாக அலறுகிறது. "அம்மா, வந்துட்டேன்! கேட்டத் திற!" ஜெபத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடுகிறாள், "ஏன்டி இவ்வளவு நேரம்?" என்ற அதட்டலில் சிரிப்பு வழிகிறது. எங்கள் குடும்பத்தில் எவரும் ஜெபத்தைப் பாதியில் விட்டதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, முதுகை நிமிர்த்தி, தெருவுக்கே கேட்கும்படி நான் "ஆமென்" சொல்கிறேன்.