அம்பத்தென்னையில் இறக்கிவிட்டவள்

“உம்மா, எறங்குங்க.”

கண்டி பஸ் அம்பத்தென்னை ஹோல்ட்டில் நின்றதுதான் தாமதம், நுஹா உத்தரவு போட்டுவிட்டாள். மெதுவாகவா சொன்னாள்? பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“கட்டுகஸ்தோட்ட மட்டும் வாறேனே, மகள்” என்று கெஞ்சினாள் ஹபீலா.

“அது போன கிழமை. அதுக்கு முந்தின கிழமை மாவில்மட. இண்டைக்கு அம்பத்தென்ன. எறங்குங்க.”

முன் ஸீட்டில் இருந்த அக்குறணைக்காரி ருக்கியாவுக்குப் பொறுக்கவில்லை.

“பதினாறு வயசில என்னா திமிர்! பெத்த உம்மாவ நடுவழியில எறக்கி உடுறியே, அவட மனசு ஒனக்கு வெளங்காதா?”

நுஹா யாரையும் பார்க்கவில்லை. காதில் ஹெட்போன், கண் யன்னலுக்கு வெளியே.

ஹபீலா இறங்கினாள். பஸ் போயிற்று. கூடவே அவள் உயிரும் போயிற்று.

ருக்கியாவுக்கு எங்கே தெரியப்போகிறது? நுஹா ஆட்டிசம் உள்ள பிள்ளை. இரண்டு வருஷத்துக்கு முன், ஹோர்ன் சத்தம் தாங்காமல் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கப் போனவள். அதிலிருந்துதான் கண்டியில் சிந்துஜா மிஸ்ஸிடம் சிகிச்சை. பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுவது, மனசு சொல்லும் பயங்கரக் கதை மெய்தானா என்று செய்து பார்ப்பது, ஏணி ஏறுவதுபோல் படிப்படியாகப் பழகுவது. போன மாசம்வரை வாப்பா ஹாஷிம்தான் கூட்டிப்போனார். பிறகு கடையில் வேலை என்று அவர் நழுவிவிட, பொறுப்பு ஹபீலாவின் தலையில் விழுந்தது. “இது மிஸ் தந்த ஹோம்வேர்க்” என்று சொல்லித்தான் நுஹா அவளைக் கிழமைக்குக் கிழமை கண்டிக்கு இன்னும் தூரத்திலேயே இறக்கிவிடத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை கண்டியில் நுஹாவுக்குக் கம்பியூட்டர் வகுப்பு ஆரம்பம். தனியாகப் போய்வர முடியாவிட்டால் வகுப்பே கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள் ஹபீலா.

போனை எடுத்தாள்.

“மகள், எங்க?”

“பஸ்ல.” கட்.

ஐந்து நிமிஷம்கூடப் பொறுக்க முடியவில்லை.

“மகள், பயமா ஈக்கா?”

“இல்ல.” கட்.

மூன்றாவது தடவை எடுக்கப் போன விரலைக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள். ‘கல் நெஞ்சுக்காரி. ருக்கியா சொன்னதும் சரிதான்’ என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக உடனே அழுகையும் வந்தது.

அடுத்த பஸ் பிடித்து ஓட்டமும் நடையுமாகச் சிந்துஜா மிஸ்ஸிடம் போய்ச் சேர்ந்தால், மகாராணி கதிரையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கட்டிப்பிடித்தால் அவளுக்குப் பிடிக்காது. ஹபீலா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“மிஸ், தனிய வந்திட்டா! மாஷா அல்லாஹ்! இப்ப இவட பயம் எத்தன மார்க்?”

சிந்துஜா சிரித்தாள். “நீங்களே காட்டுங்க நுஹா. இதெல்லாம் உங்க ஐடியாதானே?”

நுஹா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். குண்டு குண்டான எழுத்து.

மாவில்மடை: போன் கோல் 11, பயம் 9.
கட்டுகஸ்தோட்டை: கோல் 6, பயம் 7.
அம்பத்தென்னை: கோல் 2, பயம் 4.
திங்கள், வீட்டு வாசல்: ?

மேலே, கோடு போட்டு, ‘உம்மா’ என்று தலைப்பு.

ஹபீலா தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அடுத்தவர் முகத்தைக்கூடப் பார்க்காத பிள்ளை, யார் மனசும் விளங்காது என்று ஊரே முடிவுகட்டிய பிள்ளை, பெற்றவளின் நெஞ்சுக்குள் இருந்ததை இப்படி அச்சொட்டாக அளந்து வைத்திருக்கிறதே! யா அல்லாஹ், இவளையா கல் நெஞ்சுக்காரி என்றேன்?

“அப்ப... ஒங்கட ஏணி, மகள்?”

“அது வாப்பாவோட வரக்கொள்ளயே முடிஞ்சிட்டு. கடைசியா நாலு தரம் வாப்பா பஸ்ல ஏத்தி உட்டுட்டுக் கடைக்குப் போயிட்டார், நான் தனியத்தான் வந்த.”

நுஹா கூரையில் சுற்றும் ஃபேனைப் பார்த்தபடியே சொன்னாள்:

“ஒரேயடியா உட்டுட்டுப் போனா நீங்க தாங்க மாட்டீங்க, உம்மா. அதான் ஒவ்வொரு ஹோல்ட்டா எறக்கினேன்.”