போர்முனையிலிருந்து நேரலை

“வெங்காயமா? மேடையில அந்தப் பேச்சே வரக்கூடாதும்மா!” என்றார் காலனிச் சங்கத் தலைவர் ஞானசேகரன்.

வேணி கைக்குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். “நீங்கதானுங்களே, ஊட்டுக்காரர் அங்க என்ன பண்றாருன்னு கேட்டீங்க? இன்னிக்குத் தீபாவளிக்கு கேம்ப் முழுக்கச் சமையலாமுங்க. காலையில இருந்து வெங்காயம் உரிச்சாங்களாம்.”

“சரி, மத்த நாள்ல?”

“தண்ணி லாரிக்குக் காவல் போறது. வந்து துணி துவைக்கிறது, பூட்ஸ்ல புழுதி தட்டறது. ராத்திரிக்குக் கொசுவலையில ஓட்டை தேடித் தைக்கிறதாமுங்க.”

“பகைவர்?”

“அங்க நமக்குப் பகைவர்னு ஆருமில்லீங்க. அந்த ஊர்க்காரங்க ஒருத்தரையொருத்தர் அடிச்சுக்காமப் பாத்துக்கத்தான் ஐ.நா. படையில அனுப்பியிருக்காங்க.”

தலைவர் முகம் வாடிவிட்டது. “சண்டை வராமப் பாத்துக்கறார்னு சொன்னா எவன் கைதட்டுவான்?”

ஞானசேகரன் வெடிமருந்துத் தொழிற்சாலையில் சம்பளப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் வெடிமருந்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் தலையில் சாய்த்து வைத்த ராணுவத் தொப்பியை மட்டும் இன்றுவரை இறக்கியதில்லை. காலனியைச் சேர்ந்த வேணியின் கணவன் ஹரிதாஸ் தெற்கு சூடானில் காவல் பணியில் இருப்பது தெரிந்ததும், தீபாவளி விழாவில் அவனைப் பெரிய திரையில் காட்டுவது என்று முடிவு செய்தவர் அவர்தான்.

“அண்ணா, ஒரு விசயமுங்க” என்றாள் வேணி தயங்கி. “கேம்ப்ல ஆளுக்குக் கால் மணி நேரந்தான் போன் முறை. நாளைக்கு அவங்க காட்டுக்குள்ள காவலுக்குப் போறாங்க. அங்க சிக்னல் கிடையாது. பொங்கல் கழிச்சுத்தான் திரும்புவாங்க. பாப்பாவை இன்னும் போட்டோவுலதான் பாத்திருக்காங்க. கொஞ்ச நேரம் எனக்குக் குடுத்தீங்கன்னா...”

“உங்களுக்கு இல்லாமயா? என் வரவேற்புரை முடிஞ்சதும் நீங்கதான். ரெண்டே வார்த்தை.”

தலைவரின் ‘ரெண்டே வார்த்தை’ குன்னூர் வரை பிரசித்தம். போன சுதந்திர தினத்தன்று அது முடிவதற்குள் மழை வந்து கொடி நனைந்து, வெயில் வந்து காய்ந்தும் விட்டது.

சங்கக் கூடம் நிறைந்திருந்தது. கம்பளிச் சால்வையும் புதுச்சேலையுமாகப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மைக்செட் சில்வஸ்டர், வேணி கொடுத்த எண்ணுக்கு அழைப்புப் போட்டான். திரை நடுங்கி, தெளிந்தது. நீல ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, புழுதிக்காக மூக்குவரை கட்டிய துணி. பின்னால் வெள்ளை வண்டி.

“நம்ம சிங்கம்!” என்றார் தலைவர். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஹரிதாஸின் அம்மா கண்ணம்மா எழுந்து திரையை உற்றுப் பார்த்தாள். சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஒரு வீரத்தாயின் கண்ணீரைப் பாருங்கள்!” என்று மைக்கில் அறிவித்துவிட்டுத் தலைவர் முதலாம் உலகப் போரில் இருந்து ஆரம்பித்தார். நடுநடுவே திரையைப் பார்த்துக் கேள்வியும் கேட்டார்.

“ஹரிதாஸ், கண்ணுறங்கி எத்தனை இரவு ஆயிற்று? சொல்ல மாட்டார். வீரர்கள் சொல்ல மாட்டார்கள்!”

ஹெல்மெட் ஆடியது. கைதட்டல்.

“குண்டுகள் காதோரம் பறக்கையில் யாரை நினைத்தீர்கள்? நம் காலனியைத்தான்!”

ஹெல்மெட் பலமாக ஆடியது. குழந்தை வீறிட்டது.

“அதைக் கொஞ்சம் பின்னால கொண்டு போம்மா” என்றார் தலைவர், மைக்கைக் கையால் மூடி. “தேசம் பேசிட்டிருக்கில்ல?”

“ஏனுங்க தலைவரே, அந்தப் புள்ளயப் பேச உடுங்க!” என்று முன்வரிசையில் இருந்து ஒரு குரல் எழுந்தது.

“இதோ, முடிச்சாச்சு!” என்றவர் இரண்டாம் உலகப் போருக்குப் போனார். வேணி குழந்தையோடு மேடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் போனாள்.

கால் மணி நேரம் தீரப்போகிறது என்று சில்வஸ்டர் சைகை காட்டியபோதுதான் தலைவருக்குத் திரையின் ஞாபகம் வந்தது. “ஹரிதாஸ்! நம் மக்களுக்கு ஒரு வார்த்தை!”

திரையில் இருந்தவர் விறைப்பாக எழுந்து சல்யூட் அடித்தார். “ஜெய் ஹிந்த்!”

“கேட்டீங்களா? இந்த நீலகிரி மண்ணோட குரல்!” என்று தலைவர் தழுதழுத்தார். கூடம் அதிர்ந்தது. திரை அணைந்தது.

“பாவி மனுசன், பெத்த புள்ளயக்கூடக் காட்ட உடலியே” என்று பெண்கள் பொருமினார்கள். வாயைப் பொத்தியபடியே கண்ணம்மா எழுந்தாள். தோள்கள் குலுங்கக் குலுங்கச் சாமான் அறைக்குள் போனாள். அவளைத் தேற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை.

அறைக்குள், அண்டா குண்டான்களுக்கு நடுவே உட்கார்ந்து, வேணி தன் கைப்போனைக் குழந்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். போனுக்குள் பனியனோடு ஹரிதாஸ் கெஞ்சிக்கொண்டிருந்தான். “சாமி, இன்னொருக்கா கொட்டாவி உடு கண்ணு!”

கண்ணம்மா அடக்கி வைத்த சிரிப்பையெல்லாம் கொட்டினாள். “பெத்தவளுக்குத் தெரியாதாடா? திரையில அது ஆருடா?”

“எங்கூட இருக்கற நேகி அண்ணன்தாம்மா, வடக்க கர்வால்காரர். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனா தலைவர் எதிர்ல இருக்கறவங்களப் பேச உடமாட்டார்னு நான் சொன்ன தைரியத்துல, அவர் ஊட்டுக்குப் பேச வேண்டிய முறைய நம்ம பாப்பாவுக்காகக் குடுத்துட்டு, என் முறையில தலையாட்டப் போனார்.”