அழைப்பு அறுபடக் கூடாது

"பிளக்குல கை வெக்காதீங்க சார். முதல்ல சுவிட்சை அணைங்க. அப்புறம் பிளக்கைப் பிடுங்குங்க."

எத்தனையாவது தடவை சொல்கிறாள் என்று அவளுக்கே மறந்துவிட்டது. ஹெட்போனின் மறுமுனையில் இருந்த வேன் டிரைவர் கேட்பதாக இல்லை.

"அணைச்சா மிஷின் செத்துரும்மா. பேட்டரி போய் ரொம்ப நாளாச்சு. பொண்ணு உள்ள ஆன்லைன்ல நுழைவுத் தேர்வு எழுதிட்டிருக்கா. நடுவுல நின்னா மறுபடி உள்ள விடமாட்டாங்களாம். ஒயர் ஆடாம இருக்க என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க."

லேப்டாப் கம்பெனி ஒன்றின் உதவி மையத்துக்கு ஆள் பிடித்துத் தரும் காண்டிராக்டரிடம் அவளுக்கு வேலை. வீட்டிலிருந்தே பேச வேண்டும்; லேப்டாப்பும் அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மிதித்துக் கிடைத்தது இந்த ஹெட்போன்.

பக்கத்தில் தரையில், சுவரை ஒட்டி அம்மா உட்கார்ந்திருந்தாள். ஷிப்ட் ஆரம்பித்தால் முடிகிறவரை எழுந்திருக்க மாட்டாள். மகள் இங்கிலீஷ் கலந்து பேசுவதைக் கேட்க அம்மாவுக்கு அவ்வளவு ஆசை என்று எதிர்வீட்டு அத்தை கேலி செய்வாள். அம்மாவும் சிரித்து வைப்பாள்.

இந்த வாரம் இரண்டு அழைப்புகள் பாதியில் அறுந்திருந்தன. இன்னொன்று அறுந்தால் நாளையிலிருந்து வேலை கிடையாது என்று டீம் லீடர் காலையிலேயே சொல்லிவிட்டான். கோபத்தில் எதிராளி வைத்தாலும் சரி, வேறு எப்படி அறுந்தாலும் சரி, உருளுவது அவள் தலைதான்.

"எந்த ஒயர் சார் பிஞ்சிருக்கு? கறுப்புப் பெட்டியிலேர்ந்து லேப்டாப்புக்கு வர்றதா, பிளக்குலேர்ந்து பெட்டிக்கு வர்றதா?"

"பிளக் பக்கம். எலி கடிச்சிருச்சு. டேப் சுத்தி, ஒரு தினுசா மடக்கி, மேல இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வெச்சிருக்கேன். கொஞ்சம் விலகினாலும் கட் ஆயிடுது."

"அந்த ஒயர்லதான் சார் வீட்டுக் கரண்ட்டு அப்படியே ஓடுது. மடங்கின இடம் சூடாயிட்டே இருக்கும், டேப்பு உருகும். அப்புறம் தொட்டா..."

மேலே சொல்ல ஸ்கிரிப்ட்டில் இடமில்லை. 'பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை. புதிய சார்ஜர் ஒரு வாரத்தில் உங்களை வந்தடையும்' என்றுதான் அதில் இருக்கிறது. அந்த ஒரு வாரத்தை மனிதர்கள் எப்படித் தள்ளுவார்கள் என்று அதை எழுதிய புண்ணியவான் யோசித்ததில்லை. மாதக் கடைசியில் ஒயர் அறுந்த அனுபவம் அவனுக்கு இருந்திருக்காது.

டிரைவர் சிரித்தார். "ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு நல்லாத்தான் சொல்றீங்க."

அவள் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அழைப்பில் சத்தம் கேட்கும் என்று ஃபேனைக்கூட நிறுத்தி வைத்திருந்தாள்.

"சார், லேப்டாப் மேல கை வெச்சா எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு உங்க பொண்ணு சொன்னாளா?"

"நேத்து சொன்னா. படிக்காம இருக்க சாக்கு சொல்றான்னு திட்டிட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்தாங்க."

திரையின் ஓரத்தில் டீம் லீடரின் எழுத்து முளைத்தது: 'ஸ்கிரிப்ட்டைத் தாண்டாதே.' அவனுக்கு 'நெட்டுரு' என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் செத்தாலும் அவனுக்கு வரி மாறக் கூடாது.

அவள் தாண்டினாள். "பரீட்சை போனா அடுத்த வருஷம் வரும் சார். பொண்ணு போனா?"

"வாயைக் கழுவும்மா. பெத்தவன்கிட்ட பேசற பேச்சா இது?"

போனை வைத்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தாள். பேசியதைத் திருப்பி விழுங்கவும் முடியாது, மன்னிப்புக் கேட்டால் அவர் ஒயரை அப்படியே விட்டுவைப்பார்.

அழைப்பு அறுபடவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், தூரத்தில்.

"பாப்பா, கையை எடு. எடும்மா, சொல்றேன்ல."

"அப்பா, இன்னும் கொஞ்சம்தாம்பா. அணைக்காதப்பா."

சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தப் பெண்ணின் அழுகை. வாரிக்கொள்ள ஆள் இல்லாத குழந்தைபோல் அழுதாள். ஹெட்போனைக் கழற்ற அவளுக்கு அனுமதி இல்லை. முழுவதையும் கேட்டாள்.

"அணைச்சிட்டேன்" என்றார் டிரைவர். "மாடி வீட்டுல இதே மாதிரி சார்ஜர் இருக்கும். ஓடிப்போய்க் கேட்டு வாங்கிட்டு வர்றேன். அது இதுல சேருமான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும். வெச்சிராதீங்கம்மா, லைன்லயே இருங்க."

"இருக்கேன் சார். பிளக்கையும் கழட்டிட்டுப் போங்க. வீட்டுல ஒருத்தரும் அந்த ஒயரைத் தொடக் கூடாது."

"சரிம்மா. நீங்க நல்லா இருக்கணும்."

படிகளில் ஓடும் சத்தம் தேய்ந்தது. அவள் மைக்கை மட்டும் நிறுத்திவிட்டுத் திரும்பினாள். வெகுநேரமாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, இதற்காகவே காத்திருந்தவள்போல மெதுவாகக் கேட்டாள்.

"இந்தக் கை மரத்துப்போச்சுடி, ஒயரை அந்தக் கைக்கு மாத்திக்கட்டுமா?"